மதி

முக்கூடல் கிளை நூலகத்தில்
'மலையாள நாவல், தமிழில்' என்று
முதுகில் பச்சை மையால் எழுதிய தடித்த புத்தகம்.
ரெண்டு வாரத்துக்கு எடுத்தேன். ஆறு வாரம் ஆயிற்று.
ஆயிரம் பீடிக்கு ஒரு அத்தியாயம் என்பது கணக்கு.
எல்லாப் பக்கத்திலும் புகையிலைத் தூள் ஏறிவிட்டது,
அடுத்து வாசிக்கிறவர் தும்முவார்.

இந்தக் கதையில் நான் செத்திருக்கிறேன்.
அதனால்தான் எடுத்தேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால்
அவர்கள் ஊரில் மழை விடவில்லை என்று
லாரியும் வேனுமாகத் தாமிரபரணிக்கு வந்தார்கள்.
கடையத்திலிருந்து தென்னோலை வாங்கி
நாணல் தெரியாமல் மறைத்தார்கள்.
முத்துமாலையம்மன் கொடை நோட்டீசைப்
படித்துறைச் சுவரிலிருந்து சுரண்டினார்கள்.
மூன்றாம் நாள் ஆறு மலையாளத்து ஆறாகிவிட்டது.

கதாநாயகிக்கு நீச்சல் தெரியாது.
அதே உசரத்தில் ஒரு பொம்பளை வேண்டும் என்றபோது
கொழுந்தன் செண்பகராமன் என்னைக் கை காட்டினான்.
முகம் வராது, முதுகுதான்.
முதுகுக்கு முப்பது ரூபாய்.
முகமே வராத படத்துக்கு
மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள்.

நட. நெஞ்சளவு. கழுத்தளவு. அப்புறம் முங்கு.
நாற்பது எண்ணும்வரை தலை தெரியக் கூடாது.

இருபத்தஞ்சுக்கு ஒரு கட்டு,
அதற்கு மேல் பதினைந்து பீடி என்று எண்ணினேன்.
அயிரை மீன் கணுக்காலைக் கொத்தியது.
பாசி பிடித்த சோப்பு டப்பா ஒன்று கிடந்தது.
சாகிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படுமா?
மேலே வந்தால்
'ஒன்னு கூடெ' என்றார் டைரக்டர்.
மூன்று தடவை செத்தேன்.
மூன்றாவது தடவை
மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டு
எனக்கே தெரியாமல் சிரித்தபடி எழும்ப,
கரையில் கை தட்டி 'மதி, மதி' என்று கத்தினார்.
பட்டப்பகலில் எந்த மதி என்று
அண்ணாந்து பார்த்தேன்.
லைட் பிடிக்கிற பையன்தான் சொன்னான்,
போதும் என்று அர்த்தமாம்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு வாரம் ஓடியது.
கழுத்தளவு. தண்ணீர் மூடியது. வட்டம் விரிந்தது.
திரையில் என்னமோ எழுத்து வர,
'சுபம்' என்று போட்டிருப்பதாக
முன்வரிசைச் செங்கோட்டைக்காரர் வாசித்துச் சொன்னார்.
பின்னால் ஒருத்தி விம்மினாள்.
இருட்டில் என் மணிக்கட்டைப் பிடித்த வீட்டுக்காரர்
பஸ் ஏறும்வரை விடவில்லை.
'இனி ஆத்துப் பக்கம் போவாண்டாம்' என்றார்.
நான் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்
என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம்.
பதினெட்டு வருஷமாகக் குழாயடிக் குளியல்.

இன்றைக்குக் கடைசி அத்தியாயம்.
குஞ்ஞிக்காளி ஆற்றில் இறங்குகிறாள்.
நெஞ்சளவு. கழுத்தளவு.
எனக்குப் பழகிய இடம்,
மூச்சைப் பிடித்து எண்ண ஆரம்பித்துவிட்டேன்.
பதினேழில் அவள் நின்றுவிட்டாள்.
தோணிக் கயிற்றைக் கட்டாமல் வந்த நினைவு.
'போதும்' என்கிறாள்.
யாரிடம் என்று எழுதவில்லை.
திரும்பிக் கரையேறி,
ஈரம் சொட்டக் குனிந்து
கயிற்றைக் கட்டுகிறாள்.
அவ்வளவுதான் புத்தகம்.

மடியிலிருந்த முறத்தை இறக்கி வைத்தேன்.
மலையாளத்தில் அந்தச் சொல் என்னவாக இருக்கும்?
எனக்குத் தெரிந்த மலையாளமே ரெண்டு சொல்.
ஒன்று, திரும்பவும் சாகச் சொல்வது.

அப்படியானால் படம் பிடித்திருக்கிறார்கள்.
வெட்டிப் போட்ட ஏதோ ஒரு துண்டில்
நான் மூக்கைச் சிந்திக்கொண்டு ஏறி வருகிறேன்,
அந்த மனிதர் தெரியாமலே
கதையின் கடைசி வார்த்தையைக் கத்துகிறார்.

நாலு வாரத் தண்டம், ரெண்டு ரூபாய் எண்பது காசு.
கட்டிவிட்டுக் குழாயடியைத் தாண்டி
படித்துறைப் பக்கம் நடந்தேன்.
மாற்றுச் சேலை எடுத்து வரவில்லை.